மலைக்கு அந்தப்பக்கத்துத் தண்ணீர்

தேக்கடிப் படகுத்துறையை விட்டுப் படகு நகர்ந்ததும் எல்லோரும் கரையில் யானை நிற்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். ஆடி மாதத்துச் சாரல். எதிர்க்கரை மங்கலாகத் தெரிந்தது. யானை வரவில்லை. தூரத்துப் புல்வெளியில் இரண்டு மிளாக்கள் மேய்ந்தன. நான் ஏரிக்குள் நிற்கும் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலை இல்லை, பட்டை இல்லை. கருத்த கட்டைகள், தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்துக்கும் இரண்டாள் உயரத்துக்கும் நீட்டிக்கொண்டு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நூற்றுமுப்பது வருடமாகத் தண்ணீரிலேயே நின்றும் விழவில்லை. ஒரு கட்டையின் உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. எங்கள் படகு அதை உரசுகிற தூரத்தில் போனபோதும் அது நகரவில்லை.

நான் மதுரை கே.கே. நகரில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் வண்டியூர்க் கண்மாய்க் கரை. எங்கள் குழாயில் வருவதை வைகைத் தண்ணீர் என்றுதான் சொல்வோம். ஆனால் வைகையில் மதுரை நம்பியிருக்கும் தண்ணீரில் பெரிய பங்கு இந்த ஏரியிலிருந்து வருவது. மேற்கே இறங்கி அரபிக்கடலில் சேர வேண்டிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் அந்த நீர்ப்பரப்பின் நடுவே படகில் உட்கார்ந்துகொண்டு, இந்தத் தண்ணீர் இன்னும் சில நாளில் நம்ம ஊர் மடையில் ஓடும் என்று நினைத்துப் பார்ப்பது வேறு. மெய் சிலிர்த்தது. அது போகும் வழியிலேயே நானும் கீழே இறங்கிப் போவது என்று கிளம்பிய பயணம் இது.

அணையைப் பற்றி நம் ஊரில் அறியாதவர் இல்லை. தாது வருஷப் பஞ்சம், அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக், சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல்தூளும் கலந்த கட்டுமானம், காய்ச்சலிலும் விபத்திலும் செத்த நூற்றுக்கணக்கான கூலியாட்கள். 1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூர் அரசோடு போட்ட 999 வருடக் குத்தகை, ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். இவ்வளவும் மேடைதோறும் கேட்பதுதான். அதிகம் பேசப்படாத ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேற்கே ஓடும் இந்த ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை வெள்ளைக்காரருக்கு முன்பே ராமநாதபுரத்தில் பிறந்தது. சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்த மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். பணம் இல்லாமல் அது நின்றுபோனது. 1808இல் ஆய்வுசெய்த கேப்டன் கால்டுவெல் நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். மலையடிவாரத்துக்காரன் இதை யோசிக்கவில்லை, வைகையின் கடைசிச் சொட்டுக்குக் காத்துக்கிடந்த கடைமடைக்காரன் யோசித்தான். தண்ணீரின் அருமையை அளந்து வைத்திருப்பவன் எப்போதும் அவன்தான்.

ஏரியிலிருந்து தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் போகிற வாயைத் தேக்கடி ஷட்டர் என்கிறார்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல் மலைக்குள் சுரங்கம். அணையின் நீர்மட்டம் 142 அடி வரை உயரலாம் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் சுரங்கத்தின் அடிமட்டம் 104 அடியில் இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் பக்கவாட்டுக் குழாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீர் குழாயில் வராதே, அதுபோல 104 அடிக்குக் கீழே ஏரியில் எவ்வளவு நின்றாலும் அது நமக்கு இல்லை. செய்தித்தாளில் “அணையில் 110 அடி” என்று படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கைக்கு எட்டுவது மேலே இருக்கும் ஆறு அடி மட்டும்.

குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் விடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது நான்கு ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் நேராக இறங்குவது தெரியும். சுரங்கத்தைத் தாண்டி வந்த தண்ணீர் அந்தக் குழாய்களுக்குள் தலைகீழாக விழுந்து அடிவாரத்து மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. 1950களின் இறுதியிலிருந்து நடக்கிற வேலை இது. சுழற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் வைரவனாற்றில் சேர்ந்து முல்லையாறாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் ஓடுகிறது. லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது, 2013 ஜனவரி 15 அன்று திறந்தது. அந்த நாள் அவர் பிறந்த நாள். தைப்பொங்கலை ஒட்டி வருவதால் பள்ளத்தாக்குக் கிராமங்கள் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கின்றன. நான் போனபோது மண்டபத்தில் கூட்டம் இல்லை. சிலைக்கு முன்னால் யாரோ ஒரு பிடி நெற்கதிரைக் கட்டி வைத்திருந்தார்கள்.

மின்நிலையத்தைத் தாண்டியதுமே ஒரு தகராறும் ஆரம்பிக்கிறது. அது என்னைப் போன்ற மதுரைக்காரர்களைப் பற்றியது. லோயர் கேம்பில் ஆற்றிலேயே தண்ணீர் எடுத்து, குழாய் வழியாக மதுரைக்கு நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் மத்திய அரசின் அம்ருத் நிதியில் எடுக்கப்பட்டது. பள்ளத்தாக்கு விவசாயிகள் அதை எதிர்த்தார்கள். ஆற்றில் ஓடிவந்து வைகை அணையில் சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள், தலையிலேயே குழாயைச் சொருகாதீர்கள் என்பது அவர்கள் வாதம். ஓடுகிற தண்ணீர் வழிநெடுகக் கிணறுகளை ஊறவைக்கும், குழாய்க்குள் போகிற தண்ணீர் ஊறவைக்காது. கூடலூர்ப் பக்கம் டீக்கடையில் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “அண்ணே, மதுரையிலயா இருக்கீங்க? அப்ப உங்களுக்குத்தான் இந்தக் குழாய்.” கோபம் இல்லை அந்தக் குரலில். டீக்குக் காசு நான் கொடுக்கப் போனபோது கொடுக்கவிடவும் இல்லை.

பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் இரண்டு விதமான விவசாயம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியில் 14,707 ஏக்கர் இருபோக நெல். வாய்க்கால் பாசனம். வயலில் தண்ணீர் தளும்புகிறது. கொஞ்சம் மேடேறினால் திராட்சைப் பந்தல். சுருளிப்பட்டிச் சாலையில் போனால் இருபுறமும் கல்தூண்களும் கம்பிப் பந்தலும், தலைக்கு மேலே கொத்துக்கொத்தாகக் கருநீலப் பன்னீர்த் திராட்சையும். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும்.

பந்தலுக்குக் கீழே குனிந்து நுழைந்தேன். வெளியே வெயில் ஏறியிருந்தது, உள்ளே பச்சை இருட்டு. ஒவ்வொரு கொடியின் தூரிலும் கருப்புக் குழாய் ஒன்று ஓடியது. குழாயில் பொத்தான் அளவுக்கு ஒரு ட்ரிப்பர். அதன் வாயில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுந்து, அடுத்தது திரள்கிறது. விழுகிற இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மண் கருப்பாக நனைந்திருந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே புழுதி. களை முளைக்கவில்லை, அதற்குத் தண்ணீரே இல்லையே. உரமும் இதே குழாயில் கரைந்து வருகிறது. தோட்டக்காரர் ஒரு குழாயின் முனையைத் திறந்துகாட்டினார். செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் நீர் வழிந்து, பிறகு தெளிந்தது.

“பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா இப்படித் தொறந்து விடணும். இல்லாட்டி உப்புப் படிஞ்சு அடைச்சுக்கிரும். நெறைய பேரு மானியத்துல போட்டாங்க, கழுவாம விட்டாங்க, இப்ப சுருட்டி ஓரத்துல வச்சிருக்காங்க” என்றார்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகளுக்கு நூறு சதவீத மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75 சதவீதம். இந்தியாவில் இது பெரிய சலுகை. 1930களில் பாலஸ்தீனத்தில் சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர், கசிந்துகொண்டிருந்த ஒரு குழாய்க்குப் பக்கத்தில் நின்ற மரம் மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி வளர்ந்திருப்பதைக் கண்டு யோசிக்க ஆரம்பித்ததும், 1965இல் நெகேவ் பாலைவனத்துக் கூட்டுப்பண்ணை ஒன்றில் அது தொழிலானதும் உலகறிந்த கதை. அந்தச் சொட்டு சுருளிப்பட்டி வரை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் இதே தோட்டக்காரர் சொன்ன இன்னொரு விஷயமும் உண்டு. சொட்டுநீர் போட்ட பிறகு மிச்சமான தண்ணீரில் பக்கத்துத் தரிசை எடுத்து இன்னொரு ஏக்கர் வாழை வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். 1990இலிருந்து பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், கிணறு அவருடையது. ஆனால் நிலத்தடியிலிருந்து எடுக்கும் அளவு குறையவில்லை. கருவி சிக்கனத்தைச் சாத்தியமாக்குகிறது, அவ்வளவுதான். மிச்சமான தண்ணீர் யாருக்கு என்பதை மனிதர்கள் கூடிப் பேசி முடிவுசெய்யாவிட்டால் அது மிச்சமே இல்லை. ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் சொட்டுநீர் வந்த இடங்களில் இதே அனுபவத்தை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வைகை அணையில் அதிக நேரம் நிற்கவில்லை. 1959 ஜனவரியில் காமராஜர் திறந்த அணை, 71 அடி. 66 அடி தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. மதுரையில் மழைக்காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான எண்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூங்காவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இங்கே சேரும் தண்ணீரில் வைகையின் பழைய ஆயக்கட்டுக்கு உள்ள பங்கை ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று பிரித்திருக்கிறார்கள். கடைசியில் இருப்பவனுக்குக் கூடுதல் பங்கு. நியாயமான கணக்கு. ஆற்று மணலைத் தாண்டிப் போவதற்குள் எவ்வளவு குறையும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு.

அணைக்குக் கீழே நண்பரின் பைக்கில் ஏறிக்கொண்டேன். பேரணையில் ஆற்றின் குறுக்கே உள்ள மதகிலிருந்து இடதுபுறம் பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிறது. அங்கிருந்து சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் நெல்லுமாக, ஒரே பசுமை. அகத்தி நிழலில் ஏறிய வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே ஒரு அம்மா, கால் வைக்க மட்டும் இடமுள்ள வாய்க்காலில் நின்று தகரப் பாத்திரத்தால் இருபக்கமும் தண்ணீர் வாரி இறைத்துக்கொண்டிருந்தார். கொடியின் வேருக்குச் சரியாக, ஒரு வீச்சுக்கு ஒரு கொடி. அவர் வேகத்தைப் பார்த்தபடி நண்பர் வண்டியை அணைத்துவிட்டு நின்றுவிட்டார். நூறு தடவை வாரினாலும் பாத்தியில் ஒரு இடத்தில்கூடத் தண்ணீர் தேங்கவில்லை.

அலங்காநல்லூரைத் தாண்டி அழகர்கோவில் சாலையில் கள்ளந்திரி. இங்கே கால்வாய்ப் பாலம் மதுரைக்காரர்களின் குளியல் துறை. ஆட்டோக்காரர்கள், கல்லூரிப் பையன்கள், கோயிலுக்கு வந்த குடும்பங்கள் என்று எப்போதும் கூட்டம். கால்வாய் நிறையத் தண்ணீர் போனால் பாலத்திலிருந்தே குதிப்பார்கள். பாசனக் கணக்கில் கள்ளந்திரி ஒரு எல்லைக்கோடு. இதுவரை இருபோகம், 45,041 ஏக்கர். இதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாயில் இன்னொரு 19,439 ஏக்கர் ஒருபோகம். ஒரே மலையிலிருந்து வந்த ஒரே தண்ணீர்தான். ஆனால் ஒரு பாலத்துக்கு இந்தப்பக்கம் பிறந்தவனுக்கு வருடம் இரண்டு அறுவடை, அந்தப்பக்கம் பிறந்தவனுக்கு, மழையும் அணையும் கைகொடுத்தால், ஒன்று.

இருபோகத்தின் முதல் போகத்துக்கு ஜூன் மாதவாக்கில் தண்ணீர் திறக்கும் அரசாணையில் வழக்கமாக இருக்கும் கணக்கு இது: வினாடிக்கு 900 கன அடி வீதம் 45 நாள் முழுமையாக, பிறகு 75 நாள் முறைவைத்து, மொத்தம் 120 நாளில் 6,739 மில்லியன் கன அடி. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து இதை ஏக்கருக்கு வகுத்துப் பார்த்தேன். ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை அடி உயரத் தண்ணீர் வருகிறது. ஒரு போகத்துக்கு ஒரு ஏக்கரில் இடுப்பளவு தண்ணீர். இதில் கால்வாயிலேயே கசிவது, ஆவியாவது எல்லாம் அடக்கம். அப்படியும் இது பெரிய அளவு.

நான் போனது முறைவைத்து விடும் காலம். கிளைக்கால்வாய் ஒன்றின் ஓரமாக உள்ளே போனால் ஒரு மடையில் நீர்க்கட்டி நின்றிருந்தார். எழுபதை ஒட்டிய வயது, தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி. மடைகளைத் திறந்து, அடைத்து, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பங்கு வைக்கும் பொறுப்பு இவருடையது. சொந்த நிலம் இருக்கிறவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் முறை கெட்டுவிடும் என்பதால் பெரும்பாலும் நிலமில்லாதவரிடம் ஒப்படைக்கும் வேலை. முன்பு அறுவடையில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கூலி, இப்போது பணம்.

“ஐயா, ராத்திரியிலயும் பார்ப்பீங்களா?” என்று கேட்டேன்.

“முறைத் தண்ணி ராத்திரிதான தம்பி வரும். தூங்குனா மேமடைக்காரன் அடைச்சு விட்டுக்கிருவான். கீழமடையில கெடக்குறவன் காலையில என்னையத்தான கேப்பான்” என்றார்.

பேசிக்கொண்டே குனிந்து ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்து மடைவாயில் வைத்து அடைத்து, காலால் மிதித்தார். பக்கத்து வாயைக் கொஞ்சம் கீறிவிட்டார். தண்ணீர் திரும்பியது. எந்த அளவுகோலும் இல்லை. வரப்பில் தண்ணீர் ஏறும் உயரத்தைக் கணுக்காலில் பார்த்தே சொல்கிறார்.

ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் இப்படி ஒரு ஏற்பாட்டை உலகமே போய்ப் பார்க்கிறது. வியாழன்தோறும் நண்பகலில் பெரிய தேவாலயத்தின் வாசலில், எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கருப்பு அங்கி அணிந்து உட்கார்ந்து தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்கிறார்கள். வக்கீல் இல்லை, எல்லாம் வாய்வழி விசாரணை, மேல்முறையீடும் இல்லை. 2009இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. அதே 2009இல் எலினார் ஆஸ்ட்ரம் பொருளாதார நோபல் பெற்றார். அரசும் சந்தையும் இல்லாமலே ஊர்கூடிப் பொதுச்சொத்தைக் காக்க முடியும் என்று காட்டிய அவருடைய 1990ஆம் ஆண்டு நூலில் வலென்சியாவும் ஒரு முக்கியச் சான்று. நம் நீர்க்கட்டிக்கு அங்கி இல்லை, பட்டயம் இல்லை. பல கண்மாய்களில் இப்போது நீர்க்கட்டியே இல்லை. நான் மடையில் பார்த்த பெரியவரின் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், அவருக்குப் பிறகு இந்த மண்வெட்டியை எடுக்க ஆள் இல்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் கண்மாய்தோறும் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து இந்த ஒழுங்கை மீட்கப் பல வருடமாகப் பாடுபடுகிறது. பெரிய காரியம். ஆனால் இது ஒரு அமைப்பு மட்டும் சுமக்கிற பாரம் இல்லை.

அதே ஆயக்கட்டில் இன்னொரு வயலில்தான் நான் தேடிவந்த பொருளைப் பார்த்தேன். ஒரு துண்டு பிவிசி குழாய். முழங்கை நீளம் இருக்கும். கீழ்ப்பாதி முழுக்கத் துளைகள் போட்டிருந்தது. அதை வரப்புக்குப் பக்கத்தில் நெற்பயிருக்கு நடுவே மண்ணில் புதைத்து, உள்ளே இருந்த மண்ணை வாரி எடுத்திருந்தார்கள். மேல்வாய் மட்டும் ஒரு சாண் வெளியே நின்றது. எட்டிப் பார்த்தால் உள்ளே சின்ன வட்டமாக நீர், அதில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. வயலுக்குச் சொந்தக்காரரான அக்கா ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நனைந்த இடத்தை விரலால் பிடித்துக் காட்டினார்.

“மேல காஞ்சு வெடிப்பு விட்ட மாதிரி தெரியும் தம்பி. பயந்து மடையத் தொறந்துருவோம். குச்சிய விட்டுப் பாத்தா உள்ள இன்னும் தண்ணி நிக்கும். இன்னும் ரெண்டு நாளு தாங்கும்னு தெரியும்.”

காய்ச்சலும் பாய்ச்சலுமாக என்று நம் வேளாண்துறை சொல்லும் முறை இது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் குழாய்வழி அளவாக்கியது. குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. இறங்கிய பிறகு வயலில் ஐந்து சென்டிமீட்டர் நிற்கிற அளவு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாது, தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சம். நெல் நீர்த்தாவரம் இல்லை. தண்ணீரில் நிற்கப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்பதால் மண்ணுக்குள் காற்று இல்லாமல் மீத்தேன் உண்டாகிறது, இந்த முறையில் அதுவும் பெருமளவு குறைகிறது. மடகாஸ்கரில் ஹென்றி தெ லொலானி என்ற பாதிரியார் 1983இல் கண்டறிந்து, நம்மிடம் திருந்திய நெல் சாகுபடி என்றும் பிறகு ராஜராஜன் 1000 என்றும் பெயர்பெற்ற முறையிலும் இதுவே உயிர்: 14 நாள் நாற்று, சதுர நடவு, ஏக்கருக்கு இரண்டே கிலோ விதை, தேங்காத தண்ணீர். அந்த அக்காவிடம் எவ்வளவு பேர் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டேன். சுற்றிலும் பார்வையை ஓட்டிவிட்டு, “நான் மட்டுந்தான்” என்றார்.

ஏன் என்பதற்கும் அவரே பதில் வைத்திருந்தார். முறைத் தண்ணீர் எப்போது வரும், அடுத்தது எப்போது என்று உறுதி இல்லை. வந்தபோது வயல் நிறையக் கட்டிவைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று பக்கத்து வயல்காரர்கள் நினைக்கிறார்கள். இவருக்குக் கிணறு இருக்கிறது, அதனால் துணிகிறார். குழாய் விலை ஒன்றும் இல்லை. இல்லாதது நம்பிக்கை. மடையில் இத்தனாம் தேதி தண்ணீர் வரும் என்ற வாக்கு காப்பாற்றப்பட்டால், வயலில் தேக்கிவைக்கும் பயம் தானாகப் போய்விடும். ஆக, வயலில் சிக்கனம் வேண்டுமென்றால் முதலில் கால்வாயில் ஒழுங்கு வேண்டும்.

அன்று மாலை மேலூர் தாண்டி ஒரு கண்மாய்க்குப் போனோம். ஒருபோகப் பகுதி. தண்ணீர் திறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கண்மாய் காய்ந்து, நடுவில் மட்டும் ஒரு குட்டையளவு நீர். அதில் எருமைகள். சீமைக்கருவேலம் பாதிப் பரப்பை மூடியிருந்தது. வரத்துக்கால் எங்கே என்று ஆடு மேய்க்கும் ஒரு பையன்தான் காட்டினான். முட்செடிக்குள் மறைந்த ஒரு பள்ளம். மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் இதன் வழியாகத்தான் இங்கே வர வேண்டும். இன்னும் கிழக்கே சிவகங்கைப் பக்கம் ஷீல்டு கால்வாய், லெஸ்ஸிஸ் கால்வாய் விவசாயிகள் பெரியாற்றுத் தண்ணீருக்காக வருடந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார்கள். தேக்கடியில் நீர்க்காகம் உட்கார்ந்திருந்த அந்த ஏரியின் மறுமுனை இதுதான்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பகுதியில் முதல் போகத்துக்குப் போகும் 6,739 மில்லியன் கன அடியில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கால் பங்கு மிச்சப்பட்டால் சுமார் 1,680 மில்லியன் கன அடி. லோயர் கேம்பிலிருந்து மதுரைக்கு நாளுக்கு 125 மில்லியன் லிட்டர் வீதம் வருடம் முழுக்க எடுத்தால் ஆகும் மொத்தம் சுமார் 1,610 மில்லியன் கன அடி. நெல்வயலில் ஒரு போகத்தில் சேமிக்கக்கூடியதும், ஒரு நகரம் வருடம் முழுவதும் குடிக்கக் கேட்பதும் ஏறத்தாழ ஒரே அளவு.

இதை அப்படியே நேர்க்கோட்டில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். வயலில் தேங்கும் தண்ணீர் எல்லாம் வீண் இல்லை. ஒருவர் வயலின் கசிவு அடுத்தவர் கிணற்றின் ஊற்று, மேல்வயலின் வடிகால் கீழ்க்கண்மாயின் வரத்து. வயலுக்கு விடுவதைக் குறைத்தால் கிணறு இறங்கும் இடங்களும் இருக்கும். அதனால் எந்தக் கிளையில், எந்த மடையில், எவ்வளவு என்று மண்ணைப் பார்த்து, ஆயக்கட்டுக்காரர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் ஒரு வேளாண் கல்லூரி இருக்கிறது. பொறியாளர்கள் இருக்கிறார்கள், விவசாயச் சங்கங்கள் இருக்கின்றன. கால் பங்கு முடியாவிட்டால் பத்தில் ஒரு பங்காவது முடியும். அதுவே பல கடைமடைக் கண்மாய்களுக்குத் தண்ணீர்.

ஆனால் அதை யார் செலவில் செய்வது? நெல் விவசாயி ஏற்கெனவே கடனில் இருக்கிறார். அவர் கண்விழித்து ஈர்க்குச்சி விட்டுப் பார்த்து மிச்சப்படுத்தும் தண்ணீரை நகரம் சும்மா எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை. மதுரையில் குடிநீர்க் கட்டணம் கட்டும் ஒவ்வொரு வீட்டின் பணத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு, பெரியாறு ஆயக்கட்டில் நீர்க்கட்டிகளுக்குச் சம்பளமாகவும், வரத்துக்கால் தூர்வாரும் கூலியாகவும், தண்ணீரை மிச்சப்படுத்தும் வயல்களுக்கு ஊக்கத்தொகையாகவும் போக வேண்டும். மிச்சமாகும் தண்ணீரில் பாதி நகரத்துக்கு என்றால் மறுபாதி ஒருபோகக் கண்மாய்களுக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும். கூடலூர்ப் பக்கத்து டீக்கடையில் என்னைக் காசு கொடுக்கவிடாதவரிடம் மதுரைக்காரன் முகம் கொடுத்துப் பேச அப்போதுதான் முடியும்.

கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் குடியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை மாநகராட்சியின் குறைதீர் முகாமுக்குப் போகும்போது சாக்கடையும் தெருவிளக்கும் கேட்டுவிட்டு, இதையும் ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன்.